இரும்பு நகரத்து இசையும் இசைத்தட்டு வெள்ளமும்

ஹெவி மெற்றல் என்னும் மேனாட்டு இசை இன்று அளவுக்கு மிஞ்சி வெளிவருகின்றது என்றொரு முறைப்பாடு உண்டு. இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், இம்முறைப்பாட்டைச் சொல்வோர் அவ்விசையை வெறுப்போர் அல்லர். அதனை விரும்பிக் கேட்போரே ஆவர். வெறுப்போருக்கு அதன் முதல் இசைத்தட்டே மிகையாகத்தான் இருந்தது. விரும்புவோரின் மனக்குறை வேறு. 2015ஆம் ஆண்டு தொடக்கம் உலகெங்கும் புதிய இசைத்தொகுதிகள் வெள்ளிக்கிழமைகளில் வெளியிடப்பட்டு வருகின்றன. ஒரு வெள்ளியில் வந்ததைச் செவ்வையாகக் கேட்டு முடிக்குமுன் மறுவெள்ளி வந்துவிடுகின்றது. கேட்கப்படாது கிடப்பவற்றுள் நல்லது எதுவோ என்னும் ஏக்கம் அவர்களை விடுவதில்லை.

இம்முறைப்பாடு புதியதன்று. ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகளாக, சிறிது சிறிது வேறுபட்ட குரல்களில், அது திரும்பத் திரும்ப ஒலித்து வந்திருக்கின்றது. அதன் வரலாற்றை நோக்கினால் இவ்விசையின் வரலாறும் கூடவே தெரியவரும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். 'கன உலோகம்' என இதனைத் தமிழாக்கலாம். ஆயின் சொற்களைப் புணர்த்தி எழுதுமிடத்துக் 'கனவுலோகம்' என்றாகிக் கனவுலகத்தோடு மயங்க இடமுண்டு. இவ்விசைக்கும் கனவுக்கும் உள்ள தொடர்பு சிறிதே. உலோகத்தோடு உள்ள தொடர்போ மெய்யானது. எனவே மேனாட்டுப் பெயரே இங்கு நிற்பதாகுக.

இவ்விசை தோன்றிய இடம் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரம். ஆயிரம் தொழில்களின் நகரம் எனப் பெயர்பெற்ற அவ்வூரில், இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சுக்கு இலக்கான தெருக்களிடையே, தொழிற்சாலைகளின் சம்மட்டி ஓசை பகலிரவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்நகரின் அஸ்ரன் பகுதியிலும் அதன் அயலிலும் வளர்ந்த நால்வரே பிளாக் சபத் என்னும் குழுவினர். அவர்களுட் பாடகரான ஓசி ஒஸ்போர்ன் இறைச்சி வெட்டும் சாலையிலும், மோட்டார் வண்டி ஊதுகுழல்களைச் சுருதி பார்க்கும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். கிற்றார் வாசித்த ரொனி அயோமி உலோகத் தகடு செய்யும் ஆலையில் இருந்தார். 1965இல், அவருக்குப் பதினேழு வயதாயிருக்கையில், அவ்வேலையை விட்டு இசைக்குழுவோடு செல்லவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் துணித்துவிட்டது. அவர் இடக்கை வாத்தியக்காரர். ஆகவே நரம்புகளை அழுத்துவதற்கு வேண்டியவை அந்த விரல்களே.

இனி வாசிக்க இயலாதென்று சோர்ந்திருந்தவரிடம் ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீவிபத்தில் விரல்கள் முடங்கிய பின்னரும் இரண்டே விரல்களால் வியத்தகு முறையில் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பாரின் தட்டு அது. அயோமி பிளாத்திக்குப் போத்தலொன்றை உருக்கி விரலுறைகள் செய்து, அவற்றின்மீது தோலை ஒட்டி, மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். மெல்லிய நரம்புகளைக் கட்டினார். பின்னர், 1971இல் வெளிவந்த மூன்றாவது தொகுதியில், நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். விரலுக்கு நோவு குறைய வேண்டும் என்பதே நோக்கம். தாழ்ந்த சுருதியின் அந்தக் கனத்த ஓசையே பிற்காலத்தில் இவ்விசை முழுவதற்கும் அடையாளமாயிற்று.

அவர்களது முதலாவது தொகுதி 1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இலண்டனிலுள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளிற் பதிவு செய்யப்பட்டது. மேடையில் வாசிப்பது போலவே வாசித்தனர். ஒலிகளைக் கலந்து சீர்செய்ய இன்னொரு நாள். அவ்வளவுதான். கலைத் திட்பம் கருதி அப்படிச் செய்தார்கள் என்று பிற்காலத்தார் சிலர் புகழ்வதுண்டு. உண்மை அதுவன்று. கூடத்துக்கு மணிக்கணக்கிற் பணம் கட்டவேண்டும். அவர்களிடத்துப் பணம் இல்லை. பல நிறுவனங்கள் அக்குழுவை ஏற்க மறுத்திருந்தன. ஈற்றில் வேர்ற்றிகோ என்னும் புதிய சிறு பிரிவு 1970 பெப்ரவரி 13ஆந் திகதி அத்தட்டை வெளியிட்டது. பத்திரிகை விமரிசகர்கள் அதனைக் கடிந்து எழுதினர். மக்களோ அதனை வாங்கினர். விளம்பரம் அதிகமின்றியே அது பிரித்தானிய விற்பனை வரிசையில் எட்டாம் இடத்தை எட்டியது.

இந்நிகழ்ச்சியில் ஒரு பாடம் மறைந்து கிடக்கின்றது. 'முற்காலத்தில் நல்லதை மட்டும் வடித்தெடுத்து வெளியிட்டார்கள். இன்றோ வருவதெல்லாம் வெளிவருகின்றது' என்பர் முறைப்பாடு செய்வோர். வடிகட்டி ஒன்று இருந்தது மெய்யே. ஆனால் அவ்வடிகட்டி சுவையறிவால் நெய்யப்பட்டதன்று. பதிவுக்கூடத்தின் வாடகை, தட்டு அச்சிடும் ஆலையின் கட்டணம், கடைகளுக்கு அனுப்பும் செலவு ஆகிய இவை மூன்றுமே அதன் இழைகள். சுவையறிந்தோரிடம் தீர்ப்பு விடப்பட்டிருப்பின் பிளாக் சபத்தின் முதற்றட்டே வெளிவந்திருக்குமோ என்பது ஐயம்.

எழுபதுகளின் நடுப்பகுதி வரை நிலைமை இவ்வாறே இருந்தது. பெரிய நிறுவனங்கள் சில குழுக்களையே பேணின. அக்குழுக்கள் ஓயாது உழைத்தன. பிளாக் சபத் 1970இல் மட்டும் இரண்டு தொகுதிகளை வெளியிட்டது.

முதலாவது பெருவெள்ளம் 1979இல் வந்தது. வட இலண்டனில் கிங்ஸ்பெரி என்னும் பகுதியிலிருந்த மதுச்சாலை ஒன்றின் பின்மண்டபத்தில் நீல் கே என்பவர் இவ்வகைத் தட்டுகளை மட்டுமே ஒலிக்கவிட்டு வந்தார். சவுண்ட்ஹவுஸ் என்பது அம்மண்டபத்தின் பெயர். அங்கு வருவோர் விரும்பிக் கேட்கும் பாடல்களின் வரிசை 'சவுண்ட்ஸ்' என்னும் வார இதழில் அச்சாயிற்று. கிழக்கு இலண்டனைச் சேர்ந்த அயன் மெய்டன் என்னும் குழு, 1978ஆம் ஆண்டின் கடைசி நாள்களிற் பதிவுசெய்த நாடா ஒன்றை அவரிடம் கொடுத்தது. நிறுவனம் எதுவும் வெளியிடாத அந்நாடாவின் பாடல் அவ்வரிசையில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு அக்குழுவினர் அதனைத் தாமே 5,000 தட்டுகளாக அச்சிட்டுத் தபால் மூலம் விற்றனர். தட்டுக்கு அம்மண்டபத்தின் பெயரையே சூட்டினர்.

அதே காலத்தில் ஷெபீல்ட் நகரத்து இளைஞர்கள் டெப் லெப்பார்ட் என்ற பெயரில் தாமாகவே ஒரு தட்டு வெளியிட்டனர். ஸ்ரவர்பிறிட்ஜ் என்னும் சிற்றூரின் டயமண்ட் ஹெட் குழு 1980இல் தன் முதற்றொகுதியை வெறும் வெள்ளை உறையில் ஆயிரம் படிகள் மட்டும் அச்சிட்டது. நியூகாசில் அருகே நீற் என்னும் சிறிய நிறுவனம் அயலூர்க் குழுக்களையெல்லாம் பதிவு செய்யத் தொடங்கிற்று. 'பிரித்தானிய ஹெவி மெற்றலின் புதிய அலை' என்று 'சவுண்ட்ஸ்' இதழ் 1979 மே மாதத்தில் இதற்குப் பெயரிட்டது. இரண்டே ஆண்டுகளிற் கணக்கிட முடியாத குழுக்கள் தோன்றின. அப்பொழுதுதான் அந்தப் பழைய முறைப்பாடு முதன்முதலாக எழுந்தது: எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கின்றன, இவ்வளவும் யாருக்கு?

முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. அலை விரைவில் வடிந்தது. பெரும்பாலான குழுக்கள் ஓரிரு தட்டுகளோடு மறைந்தன. டயமண்ட் ஹெட் தானும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. ஆயின் அந்த வெள்ளை உறைத் தட்டின் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை.

டென்மார்க்கிற் பிறந்து கலிபோர்ணியாவுக்குக் குடிபெயர்ந்த லார்ஸ் உல்றிக் என்னும் இளைஞர் 'சவுண்ட்ஸ்' இதழைத் தவறாது படித்து, ஆங்கிலத் தட்டுகளைத் தேடித்தேடி வாங்கியவர். 1981இல் அவர் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்து, டயமண்ட் ஹெட் குழுவினரைக் கண்டு, அவர்களுடனேயே சில காலம் தங்கினார். ஊர் திரும்பிய பின் அவ்வாண்டிலேயே அவர் தொடங்கிய குழு மெற்றாலிக்கா. அக்குழு 1982இற் செய்த பரீட்சார்த்தக் கசெற் ஒன்று கைக்குக் கை மாறிப் பிரதிசெய்யப்பட்டு, அமெரிக்கா முழுவதும் பரவி, ஐரோப்பாவுக்கும் சென்றது. இவ்விசையின் அன்பர்கள் அக்காலத்தில் முன்பின் அறியாதவர்களோடு கடிதத் தொடர்பு வைத்துக் கசெற்றுகளைப் பரிமாறினர். நியூ ஜேர்சியிற் சந்தைக் கடையொன்றிற் தட்டு விற்றுக்கொண்டிருந்த ஜோன் சசூலா என்பார் அக்கசெற்றைக் கேட்டு வியந்து, குழுவினரைத் தம்மிடம் அழைப்பித்தார். நிறுவனம் எதுவும் முன்வராதது கண்டு தாமே மெகாபோர்ஸ் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கி, 1983இல் அவர்களது முதற்றொகுதியை வெளியிட்டார்.

கசெற் இல்லையேல் இதில் எதுவும் நிகழ்ந்திராது. அதே ஆண்டுகளிலேதான் பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி, வீட்டில் நாடாவிற் பிரதி செய்வோர் இசையைக் கொல்கின்றனர் என்று இயக்கம் நடத்தின. மண்டையோட்டுக்குப் பதிலாக ஒரு கசெற்றும் அதன் கீழே குறுக்கிட்ட இரண்டு எலும்புகளும் அவ்வியக்கத்தின் இலச்சினை.

மலிவு செய்த நன்மைக்கு இன்னும் தொலைவிலிருந்து ஒரு சான்று உண்டு. பிறேசில் நாட்டின் பெலோ ஹொறிசோன்ரே நகரில், 1984இற் சகோதரர் இருவர் சேர்ந்து செப்பல்துரா என்னும் குழுவைத் தொடங்கினர். அவ்வூரில் இசைத்தட்டுக் கடை நடத்திய கொகுமெலோ நிறுவனம் அடுத்த ஆண்டே அவர்களது முதற்பதிவை, இன்னொரு குழுவோடு ஒரே தட்டின் இரு பக்கங்களாக, வெளியிட்டது. ஒலித்தரம் மிகத் தாழ்ந்ததுதான். இலண்டனிலோ நியூ யோர்க்கிலோ இருந்த எந்த நிறுவனமும் அதைச் செவிகொடுத்துக் கேட்டிராது. ஆனால் ஆறே ஆண்டுகளில் அக்குழு உலகெங்கும் அறியப்பட்டது.

அடுத்த வெள்ளம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் ஊற்று ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே கட்டடம் எனலாம். புளோரிடாவின் ராம்பா நகரிலுள்ள மொறிசவுண்ட் பதிவுக்கூடத்தில், ஸ்கொற் பேர்ண்ஸ் என்னும் பதிவாளரின் கைப்பட, டெத் மெற்றல் என்ற கடுமையான பிரிவின் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நல்ல பதிவு வேண்டுவோர் எல்லாரும் அங்கே சென்றனர். செப்பல்துராவும் பிறேசிலிலிருந்து அங்கு சென்று பதிவு செய்தது. விளைவு யாதெனில் முரசின் ஓசையும் கிற்றாரின் ஓசையும் தட்டுக்குத் தட்டு ஒரே அச்சில் வார்த்தவை போலாயின. மிகை என்னும் குற்றச்சாட்டு எக்காலத்திலேனும் முழுவதும் பொருந்தியதென்றால் அது அக்காலத்துக்கே பொருந்தும்.

அதற்கு எதிர்வினையும் வந்தது. நோர்வேயின் டார்க்துரோன் குழு டெத் மெற்றல் முறையில் எழுதி ஒத்திகை பார்த்திருந்த ஒரு தொகுதியையே கைவிட்டு, 1992இல் வேண்டுமென்றே கரடுமுரடான ஒலியுடன் வேறொன்றை வெளியிட்டது. அதைக் கேட்ட அவர்களது நிறுவனமே வெளியிடத் தயங்கியது. பின்னர் அந்தக் கரடுமுரடும் ஒரு நாகரிகமாகி, அதைப் பார்த்துச் செய்த தட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்தன என்பது வேறு கதை.

தட்டுகளின் தொகை ஒருபுறமிருக்க, ஒரு தட்டின் நீளமும் வளர்ந்தது. பழைய நீள்தட்டில் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் அடங்கும். ஸ்லேயர் குழுவின் 1986ஆம் ஆண்டுத் தொகுதி மொத்தம் 29 நிமிடங்களே. அதில் ஒரு நொடியைக் கூட எடுத்துவிட முடியாது என்பர் அன்பர். குறுந்தட்டு வந்தபின் எழுபது நிமிடங்களுக்கு மேல் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தமையால் நிரப்பினர். மெற்றாலிக்கா 1996இல் வெளியிட்ட தொகுதி 79 நிமிடங்களை நெருங்குகின்றது. அதனை ஒரே இருப்பில் முழுவதும் கேட்டவர்களின் தொகை, வாங்கியவர்களின் தொகையை விடக் குறைவாகவே இருந்திருக்கும்.

மெற்றாலிக்காவின் பெயர் இவ்வரலாற்றில் மற்றொரு முறையும் வருகின்றது. 1999இல் நாப்ஸ்ரர் என்னும் சேவை தோன்றிக் கணினிகளுக்கிடையே பாடல்களை இலவசமாகப் பரிமாற வழி செய்தது. 2000 ஏப்ரலில் மெற்றாலிக்கா அதன்மீது வழக்குத் தொடுத்தது. தம் பாடல்களைப் பரிமாறிய மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பயனர் பெயர்ப் பட்டியலையும் சமர்ப்பித்தது. கசெற் பிரதிகளால் வளர்ந்த குழு பிரதி செய்வோரை மன்றுக்கு இழுப்பதோ என்று பலர் நகைத்தனர். குழுவினரின் பக்கத்திலும் நியாயம் உண்டு: கசெற் கொடுத்தவர் தாமே விரும்பிக் கொடுத்தார், ஈண்டு எடுத்தவர் கேளாமல் எடுத்தார். வழக்கின் முடிவு எவ்வாறாயினும், அணை உடைந்தது உடைந்ததே.

அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் கண்டவை. பதிவுக்கூடம் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிற்று. தட்டு அச்சிடும் ஆலைக்கு வேலை குறைந்தது. 2008இல் பாண்ட்காம்ப் என்னும் இணையச் சந்தை திறந்தது. எக்குழுவும் இடைத்தரகர் எவருமின்றித் தன் இசையைத் தானே விற்கலாயிற்று. ஸ்பொட்டிபை நிறுவனம் தன்னிடம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 60,000 பாடல்கள் வந்து சேர்கின்றன என்று 2021இல் அறிவித்தது. எல்லா வகை இசைக்குமான கணக்கு அது. ஹெவி மெற்றல் ஒன்றற்கு மட்டும், கனடாவின் மொன்றியால் நகரத்தவர் இருவர் 2002இல் ஒரு கலைக்களஞ்சியத்தை இணையத்தில் தொடங்கினர். அதிற் பதிவான குழுக்களின் தொகை ஒரு இலட்சத்தை எப்போதோ கடந்துவிட்டது.

ஓயாது வெளியிடுவோரே இவ்வெள்ளத்துக்குக் காரணம் என்று எண்ணுவது பிழை. அயன் மெய்டன் 1980 முதல் 1984 வரை ஆண்டுக்கொன்றாக ஐந்து தொகுதிகள் வெளியிட்டது. மெற்றாலிக்காவின் அண்மைத் தொகுதிகளோ 2008, 2016, 2023 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. குழு ஒவ்வொன்றும் முன்னையிலும் மெதுவாகவே நடக்கின்றது. நடப்போர் தொகைதான் பெருகிவிட்டது. ஆதலால் 'குறைவாக வெளியிடுக' என்று வேண்டுவதற்கு உரியவர் யார் என்பதே இங்கு விடையற்ற கேள்வி. யாரேனும் ஒருவர் பாடாதிருக்க வேண்டும் என்பதன்றோ அதன் பொருள்?

உண்மையில் இழக்கப்பட்டது வேறொன்று. சவுண்ட்ஹவுஸ் மண்டபத்தில் தட்டுகளைத் தெரிந்து ஒலிக்கவிட்ட நீல் கே ஒரு வடிகட்டி. சந்தைக் கடையில் அமர்ந்து வாங்குவோரோடு வாதாடிய சசூலா ஒரு வடிகட்டி. வானொலியும் அவ்வாறே. பி. பி. சி.யின் முதலாம் வானொலியில் 1978 முதல் 1993 வரை வெள்ளிக்கிழமை இரவுகளில் ரொமி வான்ஸ் நடத்திய நிகழ்ச்சியைக் கேட்டவர்கள், ஊருக்கு ஊர் தனித்தனி அறைகளில் இருந்தபோதிலும், ஒரே வேளையில் ஒரே பாடலைக் கேட்டனர். மறுநாள் அதைப் பற்றிப் பேச ஆள் இருந்தது. ஜோன் பீல் என்னும் அறிவிப்பாளர் 1987இல் நேபாம் டெத் என்ற குழுவை அதே வானொலியில் ஒலிக்கச் செய்தார். அக்குழுவும் பேர்மிங்காமைச் சேர்ந்ததே. அவர்களது பாடலொன்று ஒரு நொடிக்குச் சற்றே மேற்பட்டு முடிந்துவிடும். அவர் நகைத்தவாறே அதனை ஒலிபரப்பினார். ஆனால் மதித்தே ஒலிபரப்பினார். இன்ன மனிதர் இதைத் தெரிந்தார் என்பது கேட்போருக்குத் தெரிந்திருந்தது. அவர் சுவையோடு உடன்படலாம், சினக்கலாம். இன்று தெரிவு செய்வது பெரும்பாலும் ஒரு கணக்கு முறை. அதனோடு சினந்து பயனில்லை.

'சவுண்ட்ஸ்' இதழ் 1991இல் நின்றுபோயிற்று. கடைகள் பல மூடப்பட்டன. வடிகட்டும் வேலை கேட்போர் தலையில் விழுந்தது. வாரத்துக்கு ஒரு தட்டை வாங்கி, கொடுத்த பணத்துக்காகவேனும் பத்துத்தரம் கேட்டு, பதினோராம் முறை அதில் ஒரு நயத்தைக் கண்டவர்கள், இன்று பத்துத் தொகுதிகளை ஒவ்வொரு முறை கேட்டுவிட்டு ஒன்றும் மனத்தில் நிற்கவில்லையே என்கின்றனர். அவர்கள் சொல்வது மெய். ஆயினும் அந்தப் பத்தில் ஒன்று இன்னொரு பெலோ ஹொறிசோன்ரேயிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

2025 ஜூலை 5ஆந் திகதி, அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட அரங்கில் பிளாக் சபத்தின் மூலக் குழுவினர் நால்வரும் இருபது ஆண்டுகளின் பின் ஒருங்கே மேடையேறினர். அன்று அவர்களுக்கு முன் வாசித்த குழுக்களில் மெற்றாலிக்காவும் இருந்தது, ஸ்லேயரும் இருந்தது, பிரான்ஸ் நாட்டின் கொஜிரா குழுவும் இருந்தது. நோயுற்றிருந்த ஒஸ்போர்ன் எழுந்து நிற்க மாட்டாதவராய் ஓர் அரியாசனத்தில் அமர்ந்தே பாடினார். பதினேழு நாள்களின் பின், ஜூலை 22ஆந் திகதி, அவர் காலமானார்.

அன்றிரவு அவர்கள் கடைசியாக இசைத்தது 'பரனோயிட்' என்னும் பாடல். 1970இல் இரண்டாவது தொகுதியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, தட்டு நிரம்பச் சில நிமிடங்கள் குறைகின்றன, ஏதாவது ஒன்று வேண்டும் என்று கூடத்தினர் கேட்டனர். மற்றையோர் உணவுக்காக வெளியே சென்றிருந்த வேளையில் அயோமி ஒரு மெட்டைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்தவர்கள் அதற்குச் சொற்களைச் சேர்த்து, அன்றைக்கே பாடலை முடித்தனர். இடம் நிரப்ப வந்த அப்பாடல் பிரித்தானிய விற்பனை வரிசையில் நான்காம் இடத்தைப் பெற்றது. தொகுதிக்கு முன்னர் தெரிந்திருந்த பெயரை நீக்கி அப்பாடலின் பெயரையே நிறுவனத்தார் இட்டனர். பழைய பெயருக்கென எடுத்த, வாளும் கேடயமும் ஏந்திய மனிதனின் படத்தை மாற்ற அவகாசம் இருக்கவில்லை. அது அட்டையில் அப்படியே நின்றுவிட்டது.